நீர்ச்செடிகளும் கோழித் தீனியும்

திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டில் வியாபாரம் விடியுமுன்னரே தொடங்கிவிடுகின்றது. காய்கறி மூட்டைகள் கைமாறும் அவ்வேளையில், சுற்றுக் கிராமங்களிலிருந்து கத்தரியோ வாழைக்காயோ கொண்டுவந்து விற்ற குடியானவர், ஊர் திரும்புமுன் மண்டிக்குச் சென்று தவிடும் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் வாங்கிச் செல்வது வழக்கம். காய்கறி விற்று மடியில் முடிந்த பணத்தில் ஒரு பகுதி அங்கேயே அவிழ்ந்துவிடுகின்றது. வீட்டில் பத்துக் கோழி வளர்க்கும் குடும்பத்துக்கு முட்டையினால் வரும் வரும்படி எவ்வளவு என்பதைக் காட்டிலும், தீனிக்குப் போன பணம் எவ்வளவு என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும். கோழி வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் 100க்கு 60 முதல் 70 பங்கு வரை தீனிக்கே போகின்றது என்பது பண்ணையாளர் யாவரும் அறிந்த உண்மை.

அத்தீனியிலும் விலை மிகுந்த பகுதி, தசையையும் முட்டையையும் உண்டாக்கும் சத்தாகிய புரதமே. அதனைத் தருவது பெரும்பாலும் சோயாப் பிண்ணாக்கு. 2021ஆம் ஆண்டில் அதன் விலை ஏறிய வேகத்தில் நாமக்கல் வட்டாரத்துப் பெரும் பண்ணைகளே திகைத்தன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசு 12 லட்சம் டன் சோயாப் பிண்ணாக்கை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய அனுமதி அளிக்க வேண்டியதாயிற்று. பெரும் பண்ணைக்கு நேர்ந்த நெருக்கடி புறக்கடைக் கோழிக்கும் வந்து சேராமற்போகாது. மண்டியில் பிண்ணாக்கு விலை ஏறினால் அது ஆயிரம் கோழிக்காரருக்கும் ஐந்து கோழிக்காரருக்கும் ஒன்றே.

இந்நிலையில், நீரில் மிதக்கும் அசோலா என்னும் சிறு செடியை வளர்த்துப் போட்டால் தீனிச் செலவு பாதியாகக் குறையும் என்ற பேச்சுக் கிராமங்களில் பரவியிருக்கின்றது. அதற்கென ஆயத்தமாகத் தைத்த தொட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. இப்பேச்சில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை ஆராயாமல் பணம் போடுவது நன்றன்று. ஆராயாமல் தள்ளிவிடுவதும் நன்றன்று. ஆகவே இப்பொருளை ஒவ்வொரு கூறாக எடுத்து நோக்குவோம்.

எவை தகும், எவை தகா

நீரில் வளரும் செடிகள் எல்லாம் கோழிக்கு ஆகா. நம் வாய்க்கால்களிலும் குளங்களிலும் காணப்படுவனவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, வெங்காயத்தாமரையும் ஆகாயத்தாமரையும். இவ்விரண்டின் பெயர்களையும் மக்கள் மாற்றி வழங்குவதுண்டு. ஊதாப் பூப் பூத்து, காம்பு பருத்து, வாய்க்காலை அடைத்து நிற்பது வெங்காயத்தாமரை. வெளிர்பச்சை இலைகள் ரோஜா மலர்போல் அடுக்கடுக்காக விரிந்து மிதப்பது ஆகாயத்தாமரை. இரண்டிலும் நாவையும் தொண்டையையும் அரிக்கும் ஆக்ஸலேட் ஊசிகள் உள்ளன. நாரும் நீரும் மிகுதி. இவை எருக்குழிக்கு ஏற்றவை. கோழித் தொட்டிக்கு ஏற்றவை அல்ல.

இரண்டாவது, வள்ளைக்கீரை போன்ற கொடிகள். மனிதரும் உண்ணும் இக்கீரையைக் கோழியும் வாத்தும் விரும்பித் தின்னும். ஆனால் இதனைச் சாப்பாட்டுக்குரிய கீரையாகவே கருதலாம். தீனிக்கென்று பெருக்குவது அரிது.

மூன்றாவது, மிக நுண்ணிய மிதவைச் செடிகள். தேங்கிய நீரில் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் மூடும் லெம்னா ஒன்று. நெல் வயலில் மிதக்கும் அசோலா மற்றொன்று. லெம்னா அரிசி மணியினும் சிறிதே பெரிய இலைகளை உடையது. அதனை ஆங்கிலேயர் வாத்துக்களை என்றே அழைப்பர். வாத்து அதனை அவ்வளவு விரும்பும். வியத்நாமின் மேகாங் ஆற்றுப் படுகையில் குடும்பங்கள் இதனை வீட்டுக் குட்டைகளில் வளர்த்து வாத்துக்கு இடுகின்றன. வங்காள தேசத்து மிர்ஜாபூரில் 1990ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், கழிவுநீரைச் சுத்தம் செய்வதற்கென்று லெம்னாவை வளர்த்து, அதனை மீன் குளங்களுக்குத் தீனியாக இட்டுக் காட்டினர். நம் நாட்டில் கோழித் தீனிக்காக அதிகம் பழக்கத்துக்கு வந்தது அசோலாவே. எனவே இக்கட்டுரையில் அதனையே முக்கியமாக எடுத்துக்கொள்வோம்.

அசோலாவின் இயல்பு

அசோலா பூக்கும் செடி அன்று; பெரணி இனத்தைச் சேர்ந்தது. அதன் மேலிலையில் ஒரு சிறு பொந்து உண்டு. அப்பொந்தில் அனபீனா என்று வழங்கப்பெறும் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றது. ஆகவே யூரியா இடாமலே அசோலா புரதம் திரட்டிக்கொள்கின்றது. இக்காரணம் பற்றியே சீனத்திலும் வியத்நாமிலும் நூற்றாண்டுகளாக இதனை நெல் வயலில் பசுந்தாளாக வளர்த்து வந்தனர். தமிழ்நாட்டிலும் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதனை நெல்லுக்கு உயிர் உரமாகப் பரப்பி வந்திருக்கின்றது.

செடிக்கு வேண்டிய நைட்ரஜன் காற்றிலிருந்து கிடைத்தாலும், மணிச்சத்து நீரிலிருந்தே கிடைத்தாக வேண்டும். மணிச்சத்துக் குறைந்தால் இலை சிவந்து, வேர் நீண்டு, வளர்ச்சி நின்றுவிடும். வெயில் கடுமையினாலும் சிவப்பு ஏறுவதுண்டு. சூடு 20 முதல் 30 டிகிரி வரை இருந்தால் அசோலா செழிக்கும். 35 டிகிரியைத் தாண்டினால் தளரும். சித்திரை, வைகாசி மாதங்களில் 40 டிகிரியையும் கடக்கும் திருச்சிராப்பள்ளிக்கு இது முக்கியமான செய்தி.

கன்னியாகுமரியில் கண்ட முறை

கால்நடைத் தீனிக்காக அசோலாவைக் குறைந்த செலவில் வளர்க்கும் முறையைத் தமிழ்நாட்டில் பிரசித்தப்படுத்தியது, கன்னியாகுமரியில் உள்ள விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டமாகும். டாக்டர் கமலாசனன் பிள்ளையும் அவருடைய உடன் உழைப்பாளரும் செய்து பார்த்த இம்முறை, 2002ஆம் ஆண்டில் கட்டுரையாகவும் வெளிவந்து பல மாநிலங்களுக்குப் பரவிற்று. அம்முறையின் சாரம் பின்வருமாறு:

1. மர நிழல் சற்றே படும் இடத்தில் 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியைச் செங்கல்லைப் பக்கவாட்டில் அடுக்கியோ, மண்ணைத் தோண்டியோ அமைக்க வேண்டும். தரை சமமாக இருத்தல் அவசியம்.

2. மர வேர் துளையாதபடி அடியில் பழைய சாக்குகளைப் பரப்பி, அதன்மேல் சில்பாலின் விரிப்பை விரிக்க வேண்டும்.

3. சலித்த வளமான மண் 10 முதல் 15 கிலோ வரை சமமாகப் பரப்ப வேண்டும்.

4. 2 கிலோ சாணத்தையும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டையும் 10 லிட்டர் நீரில் கரைத்து ஊற்றி, நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் ஆகும்வரை நீர் நிரப்ப வேண்டும்.

5. அரைக்கிலோ முதல் ஒரு கிலோ வரை சுத்தமான அசோலாவைப் பரவலாகத் தூவி, மேலே சிறிது நீர் தெளிக்க வேண்டும். 10 முதல் 15 நாட்களில் தொட்டி நிறைந்துவிடும்.

6. அது முதல் நாள்தோறும் 500 முதல் 600 கிராம் வரை அள்ளலாம். ஐந்து நாட்களுக்கு ஒருமுறை 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் ஒரு கிலோ சாணமும் இட வேண்டும்.

7. பத்து நாட்களுக்கு ஒருமுறை நீரில் கால்பங்கை இறைத்துப் புதுநீர் விட வேண்டும். முப்பது நாட்களுக்கு ஒருமுறை 5 கிலோ மண்ணை மாற்ற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியை முழுதும் காலிசெய்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

இறைத்த நீர் வீண் அன்று. கீரைப் பாத்திக்கும் தென்னங்கன்றுக்கும் அது நல்ல உரநீர். அம்முறையில் பசுக்களுக்கு நாள்தோறும் ஒன்றரை முதல் 2 கிலோ வரை அசோலாவை வழக்கமான தீனியுடன் சேர்த்துக் கொடுத்ததில் பால் 100க்கு 15 பங்கு அளவில் கூடிற்று என்று அவர்கள் தெரிவித்தனர். ஆனால் பசு வேறு, கோழி வேறு. நான்கு அறை வயிறுள்ள பசு நாரைச் செரிக்கும். கோழிக்கு அவ்வசதி இல்லை. பசுவின் கணக்கைக் கோழிக்கு அப்படியே எழுதிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகின்றனர்.

கணக்கு என்ன சொல்கின்றது

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ பச்சை அசோலாவில் ஏறக்குறைய 940 கிராம் வெறும் நீர். எஞ்சிய 60 கிராமே உலர்சத்து. அவ்வுலர்சத்தில் நல்ல செடியாயின் கால்பங்கு, அதாவது 15 கிராம், புரதம். ஒரு கிலோ சோயாப் பிண்ணாக்கிலோ ஏறக்குறைய 450 கிராம் புரதம் உள்ளது. எனவே ஒரு கிலோ சோயாப் பிண்ணாக்குக்கு ஈடாக 30 கிலோ பச்சை அசோலா வேண்டும்.

மேலே சொன்ன தொட்டி நாளொன்றுக்கு 600 கிராம் தருவதாக வைத்துக்கொள்வோம். அதில் 36 கிராம் உலர்சத்து. 9 கிராம் புரதம். இது 20 கிராம் சோயாப் பிண்ணாக்குக்குச் சமம். ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாமல் விளைந்தாலும் 7 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பிண்ணாக்கின் புரதமே கிடைக்கும். முட்டையிடும் கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 16 அல்லது 17 கிராம் புரதம் தேவை. ஆகவே ஒரு தொட்டியின் அன்றாட விளைச்சல் முழுவதையும் ஒரே கோழிக்கு ஊட்டினாலும் அதன் புரதத் தேவையில் பாதிதான் நிறையும். அத்தனையையும் ஒரு கோழி தின்னவும் முடியாது.

இக்கணக்கை அறிந்தவர், தொட்டி வாங்குமுன் ஒரு கேள்வி கேட்பார். மண்டியில் இன்று சோயாப் பிண்ணாக்கு கிலோ என்ன விலை? அவ்விலையை ஏழால் பெருக்கினால் வருவதே ஒரு தொட்டி ஓராண்டில் ஈட்டித்தரும் புரதத்தின் மதிப்பு. கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 350 ரூபாய். தொட்டியின் விலையும் அதன் ஆயுளும் இத்தொகையுடன் ஒத்துவருகின்றனவா என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் தொட்டிகளை ஐந்து கோழிக்காக வாங்குவது முட்டை விற்ற பணத்தைத் தொட்டி விற்பவரிடம் கொடுப்பதாகவே முடியும்.

இதனினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அசோலா போடுகின்றோமே என்று நம்பிக் கலப்புத் தீனியில் கால்பங்கையோ பாதியையோ குறைத்துவிடுவோர் உளர். அக்கோழிக்கு வயிறு நிறையும், சத்து நிறையாது. அசோலாவில் உடலுக்குச் சூடு தரும் எரிசக்தி குறைவு. மெத்தியோனின் என்னும் புரதக்கூறும் போதாது. சாம்பலும் நாரும் மிகுதி. முதல் வாரத்தில் ஒன்றும் தோன்றாது. பின்னர் முட்டை சிறுக்கும்; எண்ணிக்கை குறையும்; இறகு உதிரும். குறைந்த தீனியின் லாபத்தைவிடக் குறைந்த முட்டையின் நஷ்டம் பல மடங்காகும். வீட்டுப் பெண்மக்களின் கைச்செலவும் குழந்தைகளின் புத்தகச் செலவும் அம்முட்டையை நம்பியிருக்கும் குடும்பங்களில் இது சிறு காரியம் அன்று.

அப்படியாயின் பயன் எங்கே?

இவ்வளவு சொல்லியும் அசோலாவைத் தள்ளிவிடலாகாது. அதன் பயன் பிண்ணாக்கின் இடத்தைப் பிடிப்பதில் இல்லை. பிண்ணாக்கு தரமுடியாததைத் தருவதில் இருக்கின்றது.

முதலாவது, அது பசுந்தீனி. ஸ்ரீரங்கத்திலும் நகரத்தை ஒட்டிய ஊர்களிலும் மனைகள் நெருங்கி, கோழி மேயப் புல்தரை இல்லாமற்போயிற்று. பஞ்சாரத்திலும் வலைக்கூண்டிலும் அடைத்து வளர்க்கும் கோழிக்குத் தவிடும் குருணையும் மட்டும் கிடைக்கின்றன. அத்தகைய கோழிக்கு அசோலா உயிர்ச்சத்தின் மூலப்பொருளையும் தாது உப்புக்களையும் தரும். அதிலுள்ள மஞ்சள் நிறப் பொருளால் முட்டையின் மஞ்சட்கரு செம்மஞ்சளாக மாறும். நாட்டுக்கோழி முட்டை வாங்குவோர் கருவின் நிறத்தை உடைத்துப் பார்த்தே மறுமுறை வருகின்றனர். பண்ணை முட்டையைவிட நாட்டு முட்டைக்கு ஏற்ற விலை கிடைப்பதற்கு நிறமும் ஒரு காரணம்.

இரண்டாவது, நீர் ஏற்கெனவே தேங்கியிருக்கும் இடத்தில் தொட்டிச் செலவே இல்லை. பயன்படாமல் கிடக்கும் சிமெண்டுத் தொட்டி, மாடு நீர் குடித்த பழைய காடி, பம்பு செட்டு அருகிலுள்ள சிறு தேக்கம் ஆகியவற்றில் அசோலா விட்டால், சூப்பர் பாஸ்பேட்டுச் செலவு ஒன்றே. மேற்கூறிய தொட்டிக்கு அது ஆண்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படாது.

மூன்றாவது, நெல் வயல். நம் காவேரிப் பாசனத்து மிராசுதாரர்களுக்கு இதுவே மிகப் பொருத்தமானது. நடவு முடிந்த ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் வயலில் அசோலாவைத் தூவினால், சம்பாப் பருவத்தின் குளிர்ச்சியில் அது விரைந்து பரவும். வயல் முழுதும் மூடிய ஒரு படலம் ஏக்கருக்கு ஏறக்குறைய 4 டன் பச்சைச் செடியாகும். மிதித்து மண்ணில் புதைத்தால் அது 10 கிலோ அளவில் நைட்ரஜனைப் பயிருக்குத் தரும். வரப்போரத்தில் ஒரு சென்டை மட்டும் கோழிக்கென்று ஒதுக்கினாலும், அது நிறைந்தபோது ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கை அள்ளினால் நாளொன்றுக்கு 2 கிலோவுக்கு அண்மையில் கிடைக்கும். ஒரே நீர் நெல்லையும் உரத்தையும் பசுந்தீனியையும் தருகின்றது. ஆயின் பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து ஒரு பிடியும் கோழிக்கு எடுத்தலாகாது.

நான்காவது, வாத்து. அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டத்தை மேய்த்துச் செல்லும் தொழில் காவேரிப் படுகையில் பழமையானது. கோழியைக் காட்டிலும் வாத்துக்கு நீர்ச்செடி இயல்பான உணவு. ஜப்பானில் ஃபுகுவோகா பகுதியைச் சேர்ந்த தகாவோ ஃபுருனோ என்னும் விவசாயி 1988ஆம் ஆண்டு முதல் நெல் வயலில் வாத்துக்குஞ்சுகளை விட்டு, அசோலாவையும் அங்கேயே வளர்த்துக் காட்டினார். வாத்து களையையும் பூச்சியையும் தின்னும். அதன் எச்சம் உரமாகும். அசோலா வாத்துக்கு உணவாகும். கதிர் வெளிவரும் தருணத்தில் வாத்துக்களை வயலிலிருந்து அப்புறப்படுத்திவிட வேண்டும் என்பதே அம்முறையின் முக்கிய நிபந்தனை. தவறினால் அவை மணியைத் தின்றுவிடும்.

தீனியாக இடும் முறை

அள்ளிய அசோலாவைச் சல்லடையில் இட்டு, அரை வாளி நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். சாண நாற்றம் போனாலன்றிக் கோழி தொடாது. சல்லடையில் தங்காமல் இறங்கிய சிறு செடிகளை அலசிய நீரோடு தொட்டியிலேயே ஊற்றிவிடலாம். அவை மீண்டும் வளரும்.

முதல் சில நாட்களில் கோழிக்கு 10 முதல் 20 கிராம் வீதம் தவிட்டிலோ குருணையிலோ பிசைந்து வைக்க வேண்டும். பத்து நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொண்டுபோகலாம். மேய்ச்சலுக்குப் போய்வரும் கோழிக்கு 50 கிராம் போதும். ஒரு தொட்டி பத்துக் கோழிக்கு ஆகும். அடைத்து வளர்க்கும் பெருங்கோழிக்கு 100 கிராம் வரை இடலாம். அப்பொழுது ஒரு தொட்டி ஐந்தாறு கோழிக்கே காணும். 100 கிராம் பச்சை அசோலாவில் 6 கிராமே உலர்சத்து. ஆகையால் நாளொன்றுக்கு 110 கிராம் தின்னும் கோழிக்குக் கலப்புத் தீனியில் 5 அல்லது 6 கிராம் குறைக்கலாம்; அதற்குமேல் குறைக்கலாகாது. இது 100க்கு 5 பங்கு. இவ்வளவில் நிறுத்திக்கொள்பவர் கெடுதி காணார்.

நான்கு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்கு அசோலா வேண்டா. அதன் சிறிய வயிற்றில் நீருக்கு இடம் கொடுப்பது வளர்ச்சிக்குத் தடை. முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் எப்பொழுதும் தனியே வைத்திருக்க வேண்டும். அசோலா ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பை நிறைவாகத் தராது.

விளைச்சல் மிகுந்த மார்கழி, தை மாதங்களில் மீதியை நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். வெயிலில் காய்ந்தால் நிறப்பொருள் அழியும். ஒரு கிலோ உலர்ந்து 60 கிராமுக்குச் சற்று மேற்படும். அதனை இடித்துத் தீனியில் 100க்கு 5 பங்கு கலந்தால், பசுந்தீனி இல்லாத கோடையில் உதவும்.

கோடையில் காக்கும் வழி

பங்குனி முதல் ஆனி வரை தொட்டியின்மேல் தென்னங்கீற்றுப் பந்தலோ பாதி நிழல் தரும் பச்சை வலையோ போட வேண்டும். நீர்மட்டம் 10 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது; குறைந்த நீர் விரைவில் சூடேறும். நாள்தோறும் அள்ளாமல் விட்டால் செடி ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அழுகும். நத்தையோ புழுவோ கண்டால் மருந்து தெளிக்க எண்ணலாகாது. தொட்டியைக் காலிசெய்து, காயவைத்து, வேறிடத்து நல்ல விதையிட்டுப் புதிதாகத் தொடங்குவதே வழி. இதற்காகவே கையளவு அசோலாவை ஒரு மண்பானையில் தனியே வளர்த்து வைத்திருப்பது அறிவுடைமை.

சாக்கடை நீரின் செடி வேண்டா

விலையின்றிக் கிடைக்கின்றது என்று நகரத்து வாய்க்காலிலும் குட்டையிலும் மிதப்பதை அள்ளிவந்து கோழிக்குப் போடும் ஆசை எழுவது இயல்பு. பேட்டைவாய்த்தலையில் காவேரியிலிருந்து பிரிந்து, வாழவந்தான்கோட்டை வரை பாய்ந்து வயல்களை வாழவைக்கும் உய்யக்கொண்டான் வாய்க்கால், திருச்சிராப்பள்ளி நகரத்தின் ஊடே வரும்போது கழிவுநீரையும் ஏற்றுக்கொண்டு வருகின்றது. மிதவைச் செடிகள் நீரிலுள்ள ஈயம், காட்மியம் முதலிய நச்சு உலோகங்களை உறிஞ்சித் தம்முள் சேர்த்து வைக்கும் இயல்புடையன. அதனாலேயே அவை கழிவுநீரைச் சுத்தம் செய்யப் பயன்படுகின்றன. நீரைச் சுத்தம் செய்த செடி தான் அழுக்கேறியிருக்கும் என்பதை மறக்கலாகாது. அவ்வுலோகம் கோழியின் ஈரலிலும் முட்டையிலும் தங்கி, முடிவில் உண்பவர் உடலில் சேரும். தேங்கிய நீரின் நத்தைகளால் வாத்துக்குக் குடற்புழு வருவதும் உண்டு. தீனிக்கு வேண்டிய செடியை நல்ல நீரில் தாமே வளர்த்துக்கொள்வதே தக்கது.

இதே எச்சரிக்கை மார்க்கெட்டில் கழித்தெறியும் முட்டைகோஸ், காலிபிளவர் இலைகளுக்கும் பொருந்தும். அன்றைய புத்திலையாயின் நன்கு கழுவி, நறுக்கிப் போடலாம். அழுகியதும் பூசணம் பூத்ததும் கோழிக்கு நஞ்சாகும்.

தாமே செய்து பார்க்கும் சோதனை

பிறர் சொல்லை நம்புவதினும் தம் வீட்டில் செய்து பார்த்து அறிவதே மேல். ஒரே வயதும் ஒரே இனமும் உள்ள பத்துப் பெட்டைகளை ஐந்தைந்தாகப் பிரித்து இரு கூண்டில் விட வேண்டும். முதல் இரண்டு வாரம் இரண்டுக்கும் ஒரே தீனி கொடுத்து, முட்டைகளை நாள்தோறும் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் எட்டு வாரம் ஒரு கூண்டுக்குப் பழைய தீனி. மற்றதற்கு 100க்கு 5 பங்கு குறைத்த தீனியும், கோழிக்கு 100 கிராம் அசோலாவும். தீனியை நிறுத்துக் கொடுக்க வேண்டும். முட்டையை எண்ணுவதோடு வாரம் ஒருமுறை நிறுக்கவும் வேண்டும். முடிவில் மீந்த தீனியின் விலை, முட்டையின் வித்தியாசம், செலவான நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதினால் உண்மை தானே விளங்கும். ஐந்து கோழி என்பது சிறு எண்ணிக்கை. ஆகையால் ஒன்றிரண்டு முட்டை வித்தியாசத்தைப் பெரிதாக எண்ணலாகாது. ஊரில் நான்கைந்து பேர் ஒரே காலத்தில் செய்து கணக்கை ஒப்பிட்டால் முடிவு உறுதிப்படும்.

விதை அசோலாவையும் ஆலோசனையையும் நாடுவோர், சிறுகமணியிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையும், கொட்டப்பட்டில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையத்தையும் முதலில் விசாரிப்பது நலம்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இவ்விஷயத்தில் செய்யத்தக்கவை மூன்று. விலையேறிய தொட்டிகளை மகளிர் குழுக்களுக்கு விற்க வருவோரிடம் மேற்கண்ட கணக்கைக் கேட்டு விடை பெறுமாறு குழுவினருக்கு எடுத்துரைத்தல் ஒன்று. தொட்டி வைப்போர் நீர்ப்பரப்பை எப்பொழுதும் செடியால் மூடியபடி வைத்திருக்கின்றனரா என்று பார்த்தல் இரண்டாவது. நன்கு மூடிய அசோலாவின் அடியில் கொசு பெருகுவது குறையும், ஆனால் பாதி வெறித்த தொட்டி கொசுவுக்கு வீடாகும். ஆழம் சிறிதாயினும் சிறு குழந்தைகள் விழாதபடி சுற்றிலும் முள்வேலியோ தட்டியோ அமைக்கச் செய்தல் மூன்றாவது.

முடிவாக, அசோலா கோழிக்குச் சோறு அன்று, கீரை. கீரையை மட்டும் உண்டு உழவன் உழ முடியாதது போலவே அசோலாவை மட்டும் தின்று கோழி முட்டையிட முடியாது. ஆயினும் கீரையில்லாத சாப்பாடு சாப்பாடன்று. இருக்கின்ற நீரில், இருக்கின்ற சாணத்தைக் கொண்டு, கையிலுள்ள ஓய்வு நேரத்தில் வளர்ப்பவருக்கு அது சிறிதேனும் நிச்சயமான லாபம் தரும். அதற்கென்று கடன் வாங்கித் தொட்டி கட்டுபவருக்கு நஷ்டமே மிஞ்சும். மண்டிக்குச் செல்லும் குடியானவர் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வாராயின், அடுத்த முறை காந்தி மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது அவர் மடியில் சில ரூபாயாவது கூடுதலாக இருக்கும்.